கிடா விருந்தும் முக்காடும்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர். பிறந்த வீடு தாராபுரம் பக்கம். மாசியில் குலதெய்வத்துக்கு நோம்பி, அதாவது கோவில் திருவிழா, சாட்டிக் கிடா வெட்டினால், மறுநாள் அண்ணன் தூக்குப்போசியில் கறிக்குழம்பு கொண்டுவருவார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அப்போஸ்தலர் பவுலே எழுதியிருப்பதால் அதைச் சாப்பிட அவருக்கு உறுத்தல் இல்லை. மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்களான கணவர் வீட்டிலோ வாங்கவே கூடாது என்கிறார்கள். "மற்றவர்களுக்கு இடறல்" என்கிறார் கணவர். இவர் பதில் சொன்னால், "ஸ்திரீக்குப் புருஷன் தலை" என்று பேச்சை முடித்துவிடுகிறார். போன வருடம் அண்ணன் போசியோடு வாசலிலிருந்தே திரும்பினார். அம்மா ஒரு மாதம் பேசவில்லை. "என் சுதந்திரம் அன்பினால் குறைகிறதா, நான் பெண் என்பதால் குறைகிறதா? இரண்டும் ஒன்றுதானா?" இதுதான் கேள்வி.

சகோதரி, உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். குழம்பைச் சாப்பிடலாமா என்பதை நீங்கள் உண்மையில் கேட்கவில்லை. முக்காட்டையும் தலைமைத்துவத்தையும் பற்றிய பாடமும் உங்களுக்குத் தேவைப்படவில்லை. அன்பினால் ஒன்றை விட்டுக்கொடுப்பது என்றால், அந்த முடிவை எடுப்பது யார்? விட்டுக்கொடுக்கிறவரா, விட்டுக்கொடுக்கச் சொல்கிறவரா? இதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கோபிக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில் உள்ள கிராமச் சபைகளில் பல ஆண்டுகள் ஆயராக இருந்தேன். பிறகு இறையியல் மாணவர்களுக்குப் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பித்தேன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன். உங்கள் வீட்டின் ஒரு பக்கத்தை மட்டுமே கேட்டிருக்கிறேன். உங்கள் கணவர் எழுதினால் அவருடைய பயங்களையும் இதே கவனத்தோடு படிப்பேன். ஆகவே உங்கள் வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. வசனங்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை மட்டும் பிரித்துக் காட்ட முடியும்.

நீங்களும் உங்கள் கணவரும் எடுக்கும் வசனங்கள் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருக்கின்றன. முதலில் கொரிந்துவைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த ஊர் நமக்கு அந்நியமான ஊர் இல்லை. கி.மு. 146இல் ரோமர்கள் அழித்து, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடியும் குடியேற்றிய வணிக நகரம் அது. இரண்டு பக்கமும் துறைமுகம், எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்த ஜனம், புதுப் பணம், தெருவுக்குத் தெரு கோவில். பவுல் அங்கே கூடாரத் தொழில் செய்துகொண்டு ஒன்றரை ஆண்டு தங்கினார். பிறகு எபேசுவிலிருந்து கி.பி. 54ஐ ஒட்டி இந்தக் கடிதத்தை எழுதினார். கோவில்களோடு சேர்ந்த விருந்தறைகள் அங்கே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கல்யாணம், பிறந்தநாள், தொழில் சங்கக் கூட்டம் என்று எதற்கும் அங்கே பந்தி நடக்கும். பலியிட்ட இறைச்சியில் மிஞ்சியது சந்தைக்கும் வரும். ஏழைகள் பெரும்பாலும் திருவிழாக்களில்தான் இறைச்சியைக் கண்டார்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து, மறுப்பவர்களும் உண்டு. எப்படியானாலும், புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஒருவர் அந்தப் பந்திகளை விட்டால் உறவையும் தொழிலையும் சேர்த்தே விட வேண்டியிருந்தது. ஆயுத பூஜை அன்று கம்பெனியில் தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரியும் கடலையும் கையில் கொடுக்கும்போது நீங்கள் நிற்கிற இடம் அதுதான்.

பவுல் இதற்கு ஒரே விடையைக் கொடுக்கவில்லை என்பது உறுதி. கோவிலுக்குள் பந்தியிருப்பது ஒன்று, கடையில் விற்கும் இறைச்சி வேறொன்று, அண்டை வீட்டு விருந்து இன்னொன்று. முதலாவதைப் பத்தாம் அதிகாரத்தில் கண்டிப்பாக விலக்குகிறார். அங்கே அவர் கையாளும் கிரேக்கச் சொல் கொய்னோனோஸ்: பங்கு உள்ளவன், பங்காளி. கொங்கு நாட்டில் இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குலதெய்வத்தின் முன் மஞ்சள் நீர் தெளித்து, கிடா உடலைச் சிலிர்த்து உத்தரவு கொடுக்கும்வரை காத்திருந்து வெட்டி, அங்கேயே பங்காளிகள் பந்தியில் உட்காருவது வெறும் சாப்பாடு இல்லை என்பது அதைச் செய்கிறவர்களுக்கே நன்றாகத் தெரியும். அது அந்தத் தெய்வத்தோடும் அந்தக் குலத்தோடும் உள்ள உறவைப் புதுப்பிப்பது. கர்த்தருடைய பந்தியில் உட்காருகிறவர் இதிலும் பங்காளியாக உட்கார முடியாது என்கிறார் பவுல்.

கடைச் சரக்கைப் பற்றி, "கடையில் விற்கப்படுகிற எதையும் வாங்கிப் புசியுங்கள்" என்று சொல்லி, விசாரிக்கவே வேண்டாம் என்கிறார். அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால், "போக உங்களுக்கு மனதிருந்தால்" போய், வைத்ததைச் சாப்பிடுங்கள் என்கிறார். அந்த "உங்களுக்கு மனதிருந்தால்" என்பதைக் கவனியுங்கள். போவதா வேண்டாமா என்பதை அழைக்கப்பட்டவரின் கையிலேயே விட்டுவிடுகிறார். நம் வழக்கப்படி கல்யாணமான பெண் கணவனுடைய குலத்தைச் சேர்ந்தவள்; பிறந்த வீட்டு நோம்பிக்கு அவள் பங்காளியாகப் போவதில்லை, ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாக, போகிறாள். ஆகவே உங்கள் அண்ணன் கொண்டுவரும் குழம்பு கோவில் பந்தியைவிட விருந்து வீட்டுக்குத்தான் நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த அனுமதிக்கு அடுத்த வசனமே ஒரு தடை வைக்கிறது. "இது படைக்கப்பட்டது" என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருக்காகச் சாப்பிடாதீர்கள் என்கிறது. சொல்கிறவர் யார் என்பது தெளிவாக இல்லை. பலவீனமான விசுவாசி என்று சிலர் கொள்கிறார்கள். அந்த இடத்தில் பல பழைய பிரதிகளில் உள்ள சொல் "விக்கிரகத்துக்குப் படைத்தது" என்ற இகழ்ச்சித் தொனி இல்லாத, கோவில்காரர்களே மரியாதையாகச் சொல்லும் சொல்; ஆகவே அவிசுவாசிதான் என்று வேறு சிலர் கொள்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். அப்படியானால் உங்கள் அண்ணன் என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்பதுதான் முக்கியம். "சாமிக்குப் படைத்தது, இரண்டு வாய் சாப்பிடு, குலசாமி உன்னைக் கைவிடாது" என்று கொடுத்தால் அந்தக் குழம்போடு ஒரு விசுவாசமும் சேர்ந்து வருகிறது. அன்போடு மறுப்பது நல்லது. "உனக்குப் பிடிக்குமே என்று அம்மா கொடுத்துவிட்டாள்" என்று கொடுத்தால் அது அம்மாவின் குழம்பு. இந்த வித்தியாசத்தை உங்களைப்போல அந்த வீட்டில் பிறந்தவர்தான் கண்டுகொள்ள முடியும். வெளியிலிருந்து எந்த ஆயராலும் முடியாது.

உங்கள் கணவரின் பக்கத்துக்கும் வலு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும் புறஜாதி விசுவாசிகளுக்கு எழுதிய கடிதத்தில் விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றை விலக்கச் சொல்கிறார்கள். வெளிப்படுத்தின விசேஷமும் அதைக் கடுமையாகப் பேசுகிறது. திதாகே என்ற பழைய சபை ஒழுங்கு நூல், வேறு உணவுகளில் இயன்றதைத் தாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, படைத்ததை மட்டும் கண்டிப்பாக விலக்கச் சொல்கிறது. ஆகவே அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. "எனக்கு மனம் ஒப்பவில்லை, நம் வீட்டில் வேண்டாமே" என்று அவர் கேட்டிருந்தால், அது மதிக்கப்பட வேண்டிய மனச்சாட்சி. ஆனால் அதைச் சொல்லாமல் இரண்டு வேறு வசனங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டையும் இனிப் பார்ப்போம்.

முதலாவது இடறல். இந்தச் சொல் நம் சபைகளில் மிகவும் தேய்ந்துபோய்விட்டது. ஒருவருக்குப் பிடிக்கவில்லை, முகம் சுளிக்கிறார் என்றாலே இடறல் என்கிறோம். பவுல் சொல்வது அதுவல்ல. எட்டாம் அதிகாரத்தின் பலவீனன், உன்னைப் பார்த்துத் தானும் அதைச் செய்யத் துணிந்து, தன் மனச்சாட்சியை மிதித்து, கெட்டுப்போகிறவன். அன்பு "பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்று முதல் வசனத்தில் வருகிறதே, அந்த இடத்தில் கிரேக்கத்தில் உள்ள வினை வீட்டைக் கட்டியெழுப்புவதைக் குறிப்பது. பத்தாம் வசனத்தில் பலவீனனின் மனச்சாட்சி "துணிவுகொள்ளும்" என்று நம் மொழிபெயர்ப்பு சொல்லும் இடத்திலும் அதே வினைதான். அறிவாளியும் ஒன்றைக் கட்டியெழுப்புகிறான். அது இன்னொருவனின் அழிவு. பவுலின் வேதனை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இதை நான் கிரேக்க அகராதியில் கற்றுக்கொள்ளவில்லை. ஊழியத்தின் தொடக்க வருடங்களில், நான் இருந்த ஊரில் நண்பரான ஒரு பள்ளி ஆசிரியர் கிடா விருந்துக்கு அழைத்தார். கோவில் தோப்பிலேயே பந்தி. பழைய ஆயர்களைப்போல நான் குறுகிய மனம் படைத்தவன் இல்லை என்று காட்டிக்கொள்ளும் ஆசை எனக்கு இருந்தது. போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறு, விக்கிரகம் ஒன்றுமில்லை என்று பிரசங்கமும் செய்தேன். எங்கள் சபையில் ஐம்பது வயது கடந்த ஒருவர் இருந்தார். கருப்பணசாமிக்கு இருபது வருடம் சாமியாடியாக இருந்து, அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, எட்டு மாதங்களுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றவர். தோப்பு வேலிக்கு வெளியே நின்று அவர் என்னைப் பார்த்திருக்கிறார். அடுத்த வருடம் அவரும் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். எனக்கு அது ஆட்டுக்கறி. அவருக்கு, இருபது வருடம் தன்மேல் வந்து இறங்கியவரைத் திரும்ப வீட்டுக்கு அழைப்பது. அன்று இரவு மேளம் அடித்தபோது அவர் மறுபடியும் ஆடினார். பிறகு ஆலயத்துக்கு வரவில்லை. தேடிப்போனேன். "நீங்கள் சாப்பிட்டபோது உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஐயா. எனக்கு ஆகிவிட்டது" என்றார். குரலில் கோபமே இல்லை. சில வருடங்கள் கழித்து அவர் இறந்தபோது எனக்குச் சொல்லிவிடவும் இல்லை. "அவனுக்காகக் கிறிஸ்து மரித்தாரே" என்ற எட்டாம் அதிகார வரியை இன்றும் என்னால் சரளமாக வாசிக்க முடியாது.

ஆகவே இடறல் என்பதை நான் இலேசாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை. உங்களிடம் கேட்கிறேன்: உங்கள் சபையில், உங்கள் வரிசையில் தைக்கிற பெண்களில், அப்படி ஒருவர் இருக்கிறாரா? அண்மையில் விசுவாசத்துக்கு வந்தவர், நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்துத் தன் பயத்துக்கே திரும்பிப்போகக்கூடியவர்? இருந்தால், அவர் முன்னால் அந்தக் குழம்பைத் தொடாதீர்கள். அவருக்காக வருடக்கணக்கில் விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. ஆனால் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் அந்தக் குழம்பினால் யாரும் கருப்பணசாமியிடம் திரும்பப்போவதில்லை. அவர்களுக்கு வருவது வருத்தம். ரோமர் பதினாலாம் அதிகாரம் சாப்பிடாதவரையும் சாப்பிடுகிறவரையும் ஒரே வீட்டில் உட்கார வைத்துப் பேசுகிறது: சாப்பிடுகிறவன் மற்றவனை அற்பமாக எண்ணக் கூடாது, சாப்பிடாதவன் மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. முதல் பாதி உங்களுக்கு, இரண்டாம் பாதி உங்கள் புகுந்த வீட்டுக்கு.

கொரிந்தியர் கடிதத்தின் இந்தப் பகுதி முழுவதிலும் பவுல் யாரிடம் பேசுகிறார் என்பதும் உறுதியாகவே தெரிகிறது. அதிகாரம் உள்ளவரிடம் பேசுகிறார். "என்றைக்கும் மாம்சம் புசியாதிருப்பேன்" என்று தன்னை வைத்துத்தான் சொல்கிறார். நீங்கள் புசியாதிருங்கள் என்று முடிக்கவில்லை. ஒன்பதாம் அதிகாரத்தில் சுவிசேஷத்தினால் பிழைக்கும் தன் உரிமையை நீளமாக நிலைநாட்டிவிட்டு, அதைப் பயன்படுத்தவில்லை என்கிறார். கேபா என்ற பேதுரு மனைவியோடு பயணம் செய்வதைச் சொல்கிறார். கேபாவும் அதை விட வேண்டும் என்று கேட்கவில்லை. தன் உடன் ஊழியர்களில் தீமோத்தேயுவுக்கு யூதர்களின்பொருட்டு விருத்தசேதனம் செய்துவைத்த அதே மனிதர், தீத்துவுக்குச் செய்யாமல் உறுதியாக நின்றார். ஒன்று தானாக முன்வந்து கொடுத்தது. மற்றொன்றில், கொடுத்தே ஆக வேண்டும் என்று வெளியிலிருந்து நெருக்கினார்கள். என் உரிமையை நான் உங்களுக்காக விட்டால் அது அன்பு. உங்கள் உரிமையை நான் எடுத்துக்கொண்டு அதற்கு உங்கள் அன்பு என்று பெயர் வைத்தால், அதற்குப் பவுலிடத்தில் ஆதாரம் இல்லை.

இந்தப் பெயர் மாற்றம் நம் மண்ணில் எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிராமச் சபையில், திருவிருந்தில் காலனியிலிருந்து வருகிறவர்கள் கடைசியில் பாத்திரத்தை வாங்கட்டும் என்று சிலர் கேட்டார்கள். "எங்கள் சொந்தக்காரர்கள் புதிதாக வருகிறார்கள், அவர்களுக்கு இடறலாக இருக்கும், அன்பினிமித்தம் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்" என்றார்கள். வசனமெல்லாம் சரியாகவே சொன்னார்கள். அந்தியோகியாவில் இதே நடந்தது. எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அதைப் பலவீனருக்கு இரங்கும் அன்பு என்று பாராட்டவில்லை. எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே எதிர்த்தார். அந்தச் சபையில் நாங்களும் வரிசையை மாற்றவில்லை. இரண்டு குடும்பங்கள் போய்விட்டன. இன்றும் அந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வாழ்க்கை இதைவிடச் சிக்கலானது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசுசபைத் துறவி ராபர்ட் டி நொபிலி, இந்த மக்களுக்காக இறைச்சியையும் மதுவையும் தன் ஊர் உடையையும் விட்டார். 1623இல் சேந்தமங்கலம், சேலம் வரை நடந்து வந்தார். பவுலின் ஒன்பதாம் அதிகாரத்தை இவ்வளவு தூரம் உடம்பில் ஏற்றுக்கொண்டவர்கள் சிலரே. ஆனால் உயர்சாதியினர் இடறக் கூடாது என்று அவர் எடுத்துக்கொண்ட அதே வாழ்க்கைமுறை, தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களோடு வெளிப்படையாகப் பழக முடியாமல் அவரைத் தடுத்தது. 1640ஐ ஒட்டி அவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவுக் குருக்களை ஏற்படுத்த வேண்டியிருந்தது. அவர் தனக்குச் சொந்தமானதை விட்டபோது என் தலை அவருக்கு முன் தாழ்கிறது. அந்த விட்டுக்கொடுத்தலின் விலையில் ஒரு பகுதியை, யாரும் கேட்காமலே, வேறு மனிதர்கள் கட்டினார்கள். யாரைக் கேட்டு என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இனி "தலை". பதினோராம் அதிகாரத்தின் மூன்றாம் வசனம் அங்கேதான் இருக்கிறது. அதை இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்றமாட்டேன். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரியானவர்கள் என்று பவுல் சொல்லவில்லை. படைப்பிலேயே ஓர் ஒழுங்கைக் காண்கிறார். ஆனால் "தலை" என்று வரும் கெபலே என்ற சொல்லுக்கு அங்கே அதிகாரம் என்று பொருளா, ஊற்று, பிறப்பிடம் என்று பொருளா என்பதில் கற்றறிந்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். அதிகாரம் என்ற சாயலை முழுவதும் நீக்கிவிட முடியாது என்பது என் முடிவு; அதற்காக மற்றவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன். ஜெபிக்கிற பெண் தூதர்களின்பொருட்டு முக்காடு இட வேண்டும் என்று அங்கே வருவதன் காரணமும் தெளிவாக இல்லை. பேச்சு துணியைப் பற்றியதா, கூந்தலைக் கட்டும் விதத்தைப் பற்றியதா என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. இதே கடிதத்தின் பதினாலாம் அதிகாரத்தில் பெண்கள் சபையில் பேசாதிருக்கட்டும் என்று வருவது இதோடு எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு எனக்கு முழுத் திருப்தி தந்த விளக்கம் ஒன்றையும் நான் இதுவரை படித்ததில்லை.

சந்தேகமில்லாதவையும் உண்டு. அந்த அதிகாரத்தில் பெண்கள் சபையில் சத்தமாக ஜெபிக்கிறார்கள், தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். பவுல் நிறுத்தச் சொல்லவில்லை. கொரிந்துவின் துறைமுகமான கெங்கிரேயாவின் சபை ஊழியக்காரி பெபேயாளைத் தன்னையே ஆதரித்தவள் என்று ரோமருக்கு அறிமுகம் செய்கிறார். "கர்த்தருக்குள் ஸ்திரீயில்லாமல் புருஷனுமில்லை" என்று அதே அதிகாரத்தில் எழுதுகிறார். ஏழாம் அதிகாரத்தில், மனைவியின் சரீரத்தின்மேல் கணவனுக்கு அதிகாரம் என்று சொன்ன மூச்சிலேயே, கணவனின் சரீரத்தின்மேல் மனைவிக்கு அதிகாரம் என்கிறார். ரோமானியக் குடும்பத் தலைவன் ஒருவன் அதைக் கேட்டுத் திடுக்கிட்டிருப்பான்.

நம் பழைய வேத மொழிபெயர்ப்பில் மறைந்துபோன ஒன்றையும் சொல்ல வேண்டும். பத்தாம் வசனத்தில் "தலையின்மேல் முக்காடிட்டுக்கொள்ளவேண்டும்" என்று படிக்கிறோம். கிரேக்கத்தில் அங்கே முக்காடு என்ற சொல்லே இல்லை. ஸ்திரீ தலையின்மேல் எக்ஸூசியா, அதாவது அதிகாரம், உடையவளாயிருக்க வேண்டும் என்று இருக்கிறது. எட்டாம் அதிகாரத்தில் "உங்களுக்கு உண்டாயிருக்கிற அதிகாரம்" பலவீனருக்குத் தடையாகாதபடி பாருங்கள் என்று சொல்லும்போது உள்ளதும் இதே சொல்தான். ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல் பயன்படுத்தாமல் விட்ட உரிமைக்கும் இதே சொல்தான். கணவனின் அதிகாரத்துக்கு அடையாளம் என்று பலர் விளக்கியிருக்கிறார்கள். அது முடியாத விளக்கம் இல்லை. ஆனால் அதிகாரம் உடையவராயிருத்தல் என்று பவுல் மற்ற இடங்களில் எழுதும்போது, உடையவரே அதைப் பயன்படுத்துகிறவர். அப்படிப் படித்தால், மூன்று அதிகாரங்களாக அவர் பேசிவந்த அந்த உரிமை பெண்ணின் தலையிலும் இருக்கிறது. அதை எப்போது பயன்படுத்துவது, எப்போது அன்பினால் அடக்கிக்கொள்வது என்பதை அவளிடமே கேட்கிறார். இது என் வாசிப்பு. வலுவான வாசிப்பு என்று நம்புகிறேன்.

எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தையும் உங்கள் வீட்டில் எடுப்பார்கள். அதில் கீழ்ப்படியச் சொல்லி மனைவியிடம் நேராகப் பேசுகிறார். அன்புகூர்ந்து தன்னையே ஒப்புக்கொடுக்கச் சொல்லிக் கணவனிடம் நேராகப் பேசுகிறார். மனைவியைக் கீழ்ப்படியச் செய் என்று கணவனிடம் ஒரு வரிகூட இல்லை. ஒருவருக்கு எழுதிய கடிதத்தை மற்றவர் பிரித்து வாசித்துக் காட்டுவதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. ஆதியாகமத்தில் "ஏற்ற துணை" என்ற இடத்தில் வரும் எசெர் என்ற எபிரெயச் சொல், சங்கீதங்களில் கர்த்தரையே குறிக்கிறது: "அவரே நமக்குத் துணையும் நமக்குக் கேடகமுமானவர்." துணை என்றால் சொன்னதைச் செய்யும் ஆள் என்று அந்தச் சொல்லை வைத்து யாரும் நிறுவ முடியாது. கணவனுக்கு முதல் பொறுப்பு உண்டு என்று நான் நம்புகிறேன். சிலுவைக்கு முதலில் நடக்கும் பொறுப்பு அது. மனைவியின் மனச்சாட்சிக்கு எஜமானாகும் உரிமை அதில் அடங்காது. "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" என்ற கேள்வியில் ஆண், பெண் விதிவிலக்கு எதையும் நான் காணவில்லை.

ஒரு சிறிய வருத்தத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துச் சில சபைகளில் விசுவாசத்துக்கு வந்த பெண்ணின் தாலியையும் தோட்டையும் கழற்றச் சொல்கிறார்கள். வெறும் கழுத்தோடு மகள் வாசலில் நிற்பதைப் பார்த்துத் தாய்மார்கள் விழுந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கிறிஸ்துவின் பெயரே அமங்கலமாகிவிடுகிறது. இடறலைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் அந்தத் தாயின் இடறலை எண்ணுவதில்லை. அதே பதினோராம் அதிகாரத்தின் பின்பாதியில், வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு இல்லாதவர்களை வெட்கப்படுத்துவதைப் பவுல் மிகுந்த கோபத்தோடு கண்டிக்கிறார். முக்காட்டை அளக்க எடுக்கும் நேரத்தில் பாதியை அதற்குக் கொடுத்திருந்தால் நம் சபைகள் வேறு மாதிரி இருந்திருக்கும். நீங்கள் முந்தானையால் தலையை மூடி ஜெபிக்கிறவராக இருந்தால், மகிழ்ச்சியோடு மூடுங்கள். என் தாயும் அப்படித்தான் ஜெபித்தார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு: இரண்டும் ஒன்றல்ல. உங்கள் கணவர் "இடறல்" என்றபோது, யாருக்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது. "தலை" என்றபோது, இந்த விஷயத்தில் அவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்றும் கேட்கலாம். ஆனால் மற்றவர்கள் முன்னால் கேட்காதீர்கள், கோபத்தில் கேட்காதீர்கள். அவருக்குள் ஒரு பயம் இருக்கக்கூடும் என்றும் தோன்றுகிறது. மூன்று தலைமுறைக்கு முன் அவருடைய முன்னோர் அந்தப் பந்தியை விட்டு எழுந்தபோது என்ன விலை கொடுத்தார்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? நோம்பியில் பங்கு தராமல், கிணற்றில் தண்ணீர் விடாமல் ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் கதைகளை இந்தப் பக்கம் நிறையக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு கதை அவர் வீட்டிலும் இருந்தால், அந்தப் போசியில் அவர் பார்ப்பது வேறொன்றாக இருக்கும். அதைக் கேட்டபிறகு, நீங்களே "இந்த வீட்டில் வேண்டாம், அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று முடிவு செய்தால், அது உங்களுடைய விட்டுக்கொடுத்தல்; யாரும் உங்களிடமிருந்து எடுத்ததாக ஆகாது. கேட்டபிறகும் வாங்கிச் சாப்பிடுவது என்று முடிவு செய்தால், அதையும் பாவம் என்று நான் சொல்லமாட்டேன்.

அண்ணனைப் பற்றி ஒன்று மட்டும். அடுத்த மாசிவரை காத்திருக்க வேண்டாம். நோம்பி இல்லாத ஒரு சாதாரண வாரத்தில், முடிந்தால் கணவரையும் அழைத்துக்கொண்டு தாராபுரம் போய்வாருங்கள். அம்மா சமைத்த அரிசிம்பருப்புச் சோற்றை இருவரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். போன வருடம் நடந்ததற்கு அண்ணனிடம் வருத்தம் சொல்லுங்கள். படைத்ததை வாங்க முடியாமல் போகலாம், ஆனால் அவரை வாசலில் நிறுத்தியது தவறு என்பதை அவர் உங்கள் வாயால் கேட்கட்டும். அடுத்த முறை அவர் வந்தால், குழம்பை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், உள்ளே அழைத்து உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள். போசியை வெறுமையாகத் திருப்பி அனுப்பாதீர்கள்; கிறிஸ்துமஸுக்குச் சுடுகிற முறுக்கில் கொஞ்சம் போட்டுக் கொடுத்தால்கூடப் போதும்.